புழுக்கை பூசிய மரவீடு

கேம்ப்பில் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். வெல்டிங் தெரியுமா என்றால் தெரியும். டைல்ஸ் ஒட்டுவாயா என்றால் ஒட்டுவேன். இந்த வளைகுடா நாட்டில் தெரியும் என்பதற்கு மாலூம், தெரியாது என்பதற்கு மாஃபி மாலூம். முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நான் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன். இரண்டாவது சொல்லைச் சொன்னவன் அடுத்த மாதம் ஊரில் இருப்பான் என்று வந்த புதிதிலேயே காதில் போட்டுவிட்டார்கள்.

போன குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, பஸ் ஏறும் முன் ஃபோர்மேன் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். மெஷின் எதுவும் இல்லாமல், கோடாரி, உளி, ரம்பம் மட்டும் வைத்து, உருட்டு மரங்களை அடுக்கி ஒரு வீடு கட்ட வேண்டும், ஒரே ஆள் கட்ட வேண்டும், தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். கூரை முடிந்த மறுநாள் அந்த ஆளுக்கு லீவும் டிக்கெட்டும் என்றார். நான் லீவில் ஊருக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. கை தானாக மேலே போனது.

என் விசாவில் கார்ப்பென்டர் என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் ஷட்டரிங் கார்ப்பென்டர். ஊரில் சென்ட்ரிங் என்பார்களே, அதே வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் பெட்டி அடிப்போம். கான்கிரீட் இறுகியதும் நாங்களே பெட்டியைத் தட்டிப் பிரித்துவிடுவோம். நான் கட்டிய எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. நிற்காமல் சுலபமாகக் கழன்று வருவதுதான் அந்த வேலைக்கு அழகு.

ராஸ் அல் கைமாவுக்கு உள்ளே மலையடிவாரத்தில் முதலாளிக்கு ஒரு தோட்டம் இருந்தது. பேரீச்சை, ஒரு ஆட்டுக்கொட்டகை, எனக்குத் தங்க ஒரு போர்ட்டா கேபின். குளிர்நாட்டிலிருந்து வந்த பைன் மரங்கள் பட்டையோடு குவிந்து கிடந்தன. புதுப் பெட்டியில் கருவிகள்: இரண்டு கோடாரி, மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்று, நீளமான ரம்பம், உளிகள், சுத்தியல், பட்டை சீவ இரண்டு பக்கமும் பிடி வைத்த ஒரு கத்தி. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்துவிட்டேன், ஒரு ஆணிகூட இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியது. ஆணியே கொடுக்காமல் ஒரு கார்ப்பென்டரை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்றால் அவன் தோற்க வேண்டும் என்று யாரோ நினைக்கிறார்கள்.

போதாததற்கு ஒரு இரும்புக் குழாயின் உச்சியில் கேமரா. அதற்கென்று தனியாக ஒரு சோலார் தகடு. கேமராவுக்குத் தெரியும் இடத்தைச் சுற்றி வெள்ளைக்கல் பதித்திருந்தார்கள். கல்லுக்கு உள்ளே நான் மட்டும்தான் வர வேண்டும், பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. பனி விழும் நாட்டில் ஒருவன் வாயே திறக்காமல் தனியாக மரவீடு கட்டும் வீடியோக்களை முதலாளி விரும்பிப் பார்ப்பாராம், அதே மாதிரி நம் தோட்டத்திலும் ஒன்று வேண்டுமாம், ஃபோர்மேன் சொன்ன விளக்கம் இது. நான் ஒரு வார்த்தை நம்பவில்லை. ஐம்பதை நெருங்குகிறவர்களைக் கம்பெனி கழித்துக்கட்டுகிறது என்று கேம்ப்பில் பேச்சு இருந்தது. வேலை தெரியாதவன் என்பதற்குப் படத்தோடு சாட்சி தயார் செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

தோட்டத்தில் இருந்த இன்னொரு மனிதர் ஆட்டுக்காரர். பாகிஸ்தானில் எங்கோ மலைநாட்டுக்காரர், நெட்டையான ஆள், மருதாணி போட்ட தாடி. முதல் நாளே தன் நம்பரைக் கொடுத்து, பாம்பு கீம்பு வந்தால் கூப்பிடு என்று சொன்னார். கேட்காமலே நம்பர் கொடுக்கிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ‘ஆட்டுக்காரன் கவனம்’ என்று பதிந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை முதலாளி வந்தால் இருவரும் சேர்ந்து தொழுவார்கள், பிறகு ஒரே பாயில் உட்கார்ந்து கஹ்வா என்ற அரபுக் காப்பி குடிப்பார்கள். முதலாளிக்கு இரண்டாவது கேமரா இவர்தான் என்று முடிவு கட்டினேன்.

வேலையைத் தொடங்கினேன். ஃபோர்மேன் அனுப்பிய வீடியோவைக் கேபினுக்குள் வைத்துப் பலமுறை பார்த்தேன். மரத்தின் மேல் மரம் வந்து உட்காரும் மூலையில்தான் சூட்சுமம் இருக்கிறது, அந்த மூலையில்தான் அந்தப் படத்தில் பனி மூடிக்கிடந்தது. சரி, நம் மூளைக்குப் பட்டபடி செய்வோம் என்று, கீழே கிடக்கும் மரத்தின் மேல்பக்கத்தில் கிண்ணம் மாதிரி வளைவாகச் செதுக்கி, மேலே வரும் மரத்தை அதில் உட்கார வைத்தேன். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆப்பு அடித்து, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டேன். மரங்களுக்குக் கரியால் நம்பரும் போட்டேன். எதை அடித்தாலும் பிரிப்பதற்கு வழி வைத்துத்தான் அடிக்கத் தெரியும் எனக்கு.

தனியாக ஒரு மரத்தை மேலேற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு சாய்மரம் போட்டு, கயிற்றைச் சுற்றி, ஒரு முனையைச் சாண் ஏற்றி முட்டுக் கொடுத்து, ஓடிப்போய் மறுமுனையைச் சாண் ஏற்றி முட்டுக் கொடுத்து, ஒரு மரத்துக்கே அரைநாள் போய்விடும். உள்ளங்கை காய்த்துக் கிடந்த இடத்துக்கு மேலேயே புதிதாகக் கொப்புளம் வந்தது. இதைச் சொல்லிப் புலம்பக்கூட ஆள் கிடையாது. மேலே அந்தக் கண்ணாடிக் கண் மட்டும்.

ஆட்டுக்காரர் காலையும் மாலையும் ஆடுகளோடு போகும்போது வெள்ளைக்கல்லுக்கு வெளியே நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நாக்கால் ‘ச்சு’ கொட்டுவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். மனிதன் திட்டினால் திருப்பித் திட்டலாம், ச்சு கொட்டுகிறவனை என்ன செய்வது? நான்காம் வரிசை ஏறிய அன்று வாயைத் திறந்தார்.

“பாய், உல்டா ஹை,” என்றார். தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.

“அப்னா காம் தேகோ,” என்றேன். உன் வேலையைப் பார்.

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போனால், என் மரங்களின் வெட்டுமுகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூலையில் நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் எல்லாம் ஆட்டுப்புழுக்கையையும் மண்ணையும் குழைத்து யாரோ அப்பியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சாமி கும்பிட்டுவிட்டு உளியைத் தொடுகிறவன். வாயால் சொன்னதை நான் கேட்கவில்லை என்று என் வேலைமேல் புழுக்கையைப் பூசிவிட்டான் என்று நினைத்தேன். உளியை எடுத்து ஒவ்வொரு முனையாகச் சுரண்டி, துணியால் துடைத்து, சுத்தமாக்கினேன். மறுநாளும் பூசியிருந்தது. மறுநாளும் சுரண்டினேன். பின்பக்கச் சுவரில் பாறையை ஒட்டி இருந்த முனைகளில் உளி பிடித்த கை நுழையவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. அவர் பூசுவார், நான் சுரண்டுவேன். பிறகு ஒரு காலை, முந்தின நாள் நான் செதுக்கி வைத்திருந்த மேல்மரம் புரண்டு குப்புறக் கிடந்தது. கிண்ணம் தரையைப் பார்த்திருந்தது. கடப்பாரை வைத்து நெம்பிய தடம் மரத்தில் பதிந்திருந்தது. அதோடு என் பொறுமை போய்விட்டது. மரத்தை மறுபடி புரட்டிப் போட்டுவிட்டு ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன். ஆட்டுக்காரன் வேலையைக் கெடுக்கிறான், நான் முடிக்கக் கூடாது என்று யாரோ அவனை ஏவிவிட்டிருக்கிறார்கள், ஒன்று அவன் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றேன். ஒரு மனிதனின் விசாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

ஃபோர்மேன் மறுநாள் வந்தார். கேமராவில் பதிவானதைத் தன் போனில் எடுத்து வைத்திருந்தார்.

“அண்ணே, நீங்க சொன்னது நெசந்தான். அந்தாளுதான் பூசுதான். மரத்தையும் அவந்தான் பொரட்டுதான். பாருங்க,” என்று நீட்டினார்.

பார்த்தேன். விடிவதற்கு முன் இருக்கும் சாம்பல் வெளிச்சத்தில் அந்த மனிதர் வாளியோடு வருகிறார். குனிந்து ஒவ்வொரு மரத்தின் முனையிலும் உள்ளங்கையால் சுற்றிச் சுற்றிப் பூசுகிறார். குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி, விளிம்பெல்லாம் விடாமல், அவசரமே இல்லாமல். கெடுக்க வந்தவன் இவ்வளவு பதமாகக் கெடுப்பானா என்று ஒரு கணம் மனத்தில் ஓடத்தான் செய்தது. அந்தக் கணத்தை நான்தான் தள்ளிவிட்டேன். மூன்று நாளில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தகரப் பெட்டி, சுருட்டிய பாய். கல்லுக்கு வெளியே நின்று என் சுவரை ஒருமுறை பார்த்தார். அன்றைக்கு ச்சுகூடக் கொட்டவில்லை. அடுத்த வாரம் அவருக்கு விசா கேன்சல் ஆகி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஃபோர்மேன் சொன்னார். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே சாப்பிட்டேன்.

பிறகு பாலைவனத்திலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தது, உதடு வெடிக்கிற காய்ந்த காற்று. ஒரு மத்தியானம் டப் என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிகிறார்கள் என்று கோடாரியோடு பேரீச்சைக்குள் எல்லாம் தேடினேன். மறுபடி டப். சத்தம் என் சுவரிலிருந்துதான் வந்தது. மரங்கள் முனையிலிருந்து பிளந்துகொண்டிருந்தன. விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, முழ நீளத்துக்கு உள்ளே ஓடியிருந்தது. கெட்ட மரத்தை வேண்டுமென்றே தந்துவிட்டார்கள் என்று முதலில் முதலாளியைச் சந்தேகப்பட்டேன். சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு முனையாகத் தடவிப் பார்த்தேன். பாறையை ஒட்டிய முனைகளில் மட்டும், நான் சுரண்டாமல் விட்ட அந்தக் காய்ந்த புழுக்கைப் பூச்சுக்கு அடியில், ஒரு மயிரிழைகூட விரிசல் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. ஈர மரம் முனை வழியாகத்தான் வேகமாகக் காயும், அங்கேதான் பிளக்கும், அதை அடைத்துவிட்டால் பிளக்காது. அவ்வளவுதான் விஷயம். அதை அவர் தினமும் செய்தார், நான் தினமும் உளி வைத்துச் சுரண்டினேன். அந்த வாரமே மலையில் மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால், கடைசியாக ஏற்றிய மரங்களில் நான் செதுக்கியிருந்த கிண்ணங்களில் தண்ணீர் ததும்பி நின்றது. சிட்டுக்குருவி ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. உல்டா என்று அவர் சொன்னதை அந்தக் குருவிகூடப் புரிந்துகொண்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்துத்தான் ‘ஆட்டுக்காரன் கவனம்’ என்ற பெயரை அழுத்தத் துணிவு வந்தது. கேபினுக்குள் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். எடுக்க மாட்டார், எடுத்தால் திட்டுவார், திட்டினால் கேட்டுக்கொள்வோம் என்று இருந்தேன். எடுத்தார். கம்பளிக் குல்லாவும் சிவப்புத் தாடியும் தெரிந்தன. நான் மாஃப் கர்னா, மாஃப் கர்னா என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் நடுவில் புகுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“லக்டி ஃபட் கயா?” மரம் வெடித்துவிட்டதா?

வெடித்துவிட்டது என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்ட முகம் அது. இரு என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய வீட்டின் மூலையைக் காட்டினார். மரத்தின் மேல் மரம், புகையேறிக் கறுத்துப்போன மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கிண்ணம் கீழே பார்த்திருந்தது. மேல்மரம் கீழ்மரத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பனி உருகினாலும் தண்ணீர் வழிந்துதான் போகும், எங்கேயும் தங்காது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். தினமும் கல்லுக்கு வெளியே நின்று அவர் சொல்ல நினைத்தது இதைத்தான். கல்லுக்குள் கால் வைத்தால் வேலை போய்விடும் என்று அவருக்கும் சொல்லி வைத்திருந்தார்களாம். அதனால்தான் நான் வருவதற்கு முன் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். கேமரா தூங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

காட்டிக்கொண்டிருக்கும்போது போன் கை நழுவி மேலே திரும்பியது. சுவருக்கு மேலே கூரை இல்லை, நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் மேல் பனி குழிந்து கிடந்தது. என்ன அது என்று கேட்டேன். போன வருஷப் பனியில் கூரை இறங்கிவிட்டது, அதை எடுத்துக் கட்டப் பணம் சேர்க்கத்தான் அங்கே வந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். போனை வைக்கும்போது, முதலாளி தன்னை மறுபடி கூப்பிடுவாரா என்று கேட்டார்.

“இன்ஷா அல்லாஹ்,” என்றேன். இந்த நாட்டில் எனக்கு யாராவது இன்ஷா அல்லாஹ் சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று எடுத்துக்கொள்வேன். அதையே நான் அவருக்குச் சொன்னேன், வேறு எதைச் சொல்ல?

மறுநாள் காலை சுத்தியலை எடுத்து ஆப்புகளைத் தட்டினேன். வாழ்க்கையில் எனக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே வேலை பிரிப்பதுதான். நம்பர் போட்டு வைத்த மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமர்த்தாக இறங்கி வந்தன. வெடித்த முனைகளை ரம்பத்தால் அறுத்து எறிந்தேன், மூலைகளைப் புதிதாக வெட்டினேன். வீடு இரண்டு முழம் சிறுத்துவிட்டது. ஒவ்வொரு மரத்தையும் புரட்டி, கிண்ணம் கீழே பார்க்கும்படி திரும்ப அடுக்கினேன். தினமும் மாலையில் வெள்ளைக்கல்லுக்கு வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். சரியாக இருந்தால் கட்டைவிரல் ஒன்று வரும். தப்பென்றால் வட்டம் போட்டு அனுப்புவார். சுவர் எழும்பியது. கேமராவில் இதையெல்லாம் பார்த்த ஃபோர்மேன், கட்டின வீட்டை எதற்கு அண்ணே பிரிக்கிறீர்கள், புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினார். வெடித்த மரத்தை மாற்றுகிறேன் என்று மட்டும் சொன்னேன். முழுதும் சொல்ல எனக்கு அப்போதும் தைரியம் இல்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது கூரையின் முகட்டு மரம். எல்லாவற்றிலும் பெரியது. அதை மேலே ஏற்றிவிட்டால் மற்றதெல்லாம் பத்து நாள் வேலை. சாய்மரம், கயிறு, முட்டு வைத்துத் தனியாக அதையும் நான் ஏற்றிவிடுவேன், அத்தனை நாளில் கை பழகியிருந்தது. ஏற்றவில்லை. தரையிலேயே போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கூடவே ஃபோர்மேன். முதலாளி வெள்ளைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்து, மூலைகளைத் தடவிப் பார்த்தார். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. முகட்டு மரம் ஏன் கீழே கிடக்கிறது என்று கேட்டார்.

“அனா மாஃபி மாலூம்,” என்றேன். எனக்குத் தெரியாது.

ஃபோர்மேன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அரபு கொஞ்சம், இந்தி கொஞ்சம், மீதியைத் தமிழில் ஃபோர்மேனிடம் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டினேன். நான் ஷட்டரிங்காரன், மரவீடு எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொன்னது பொய். புழுக்கை பூசியவர் கெடுக்கவில்லை, காப்பாற்றினார். இந்தச் சுவரை அவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு கட்டினார், கை மட்டும்தான் என்னுடையது. முகட்டு மரத்தைத் தெரிந்தவர்தான் ஏற்ற வேண்டும். தெரிந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், அனுப்ப வைத்தவன் நான்.

முதலாளி மூலைக்குப் போய் விரலைக் கவ்வுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கேமராவை அண்ணாந்து பார்த்தார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

“லீவு போச்சு அண்ணே. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கப்படாதா?” என்றார் ஃபோர்மேன். இருந்திருக்கலாம்தான்.

இது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. முந்தாநாள் ஆட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது, கம்பெனி ஆபீஸிலிருந்து அவருடைய பாஸ்போர்ட் காப்பியைக் கேட்டிருக்கிறார்களாம். நான் நம்பவில்லை. காப்பி கேட்பார்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். இதையெல்லாம் பதினாறு வருஷமாகப் பார்த்தாகிவிட்டது. அவர் வந்து அந்தக் கொட்டகை வாசலில் நிற்கும்வரை நம்ப மாட்டேன்.

ஆனாலும் முகட்டு மரம் அதுவரை வெடிக்காமல் இருக்க வேண்டும். விடிந்ததும் கொட்டகைக்குப் போய் ஒரு வாளி புழுக்கை அள்ளுகிறேன். மண் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அந்த மரத்தின் இரண்டு முனையிலும் விளிம்பு விடாமல் உள்ளங்கையால் பூசுகிறேன். மேலே கேமரா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கட்டும்.